அப்பாவின் பிரசங்கம் நின்றுபோனது

கேள்வி: என் அப்பா போதகர். கூட்டத்தில் மனதில் பட்டதைப் பேசியதால் அவரைச் சபையிலிருந்து மாற்றி அலுவலக வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள். பல மாதமாகப் பிரசங்கம் இல்லை. "சாமுவேல் ரதர்ஃபோர்டுக்கும் இதுதான் நடந்தது" என்கிறார், அதோடு சரி. யார் அவர்? அப்பாவை எப்படித் தேற்றுவது?
- ஒரு மகள்

பதில்: அன்பு மகளே, அப்பா சரியான ஆளைத்தான் நினைத்திருக்கிறார். ரதர்ஃபோர்ட், ஸ்காட்லாந்தின் தென்மேற்கே ஆன்வத் என்ற சிற்றூரில் 1627 முதல் பிரஸ்பிட்டேரியன் போதகர், அதாவது பேராயர்கள் இல்லாமல் மூப்பர்களே சபையை நடத்த வேண்டும் என்பவர். ராஜாவும் பேராயர்களும் திருச்சபையைத் தங்கள் பிடிக்குள் இழுத்த காலம் அது. இவர் இணங்கவில்லை, ரட்சிப்பை ஏற்பதும் மறுப்பதும் மனிதன் விருப்பம் என்ற ஆர்மினியக் கொள்கையை மறுத்து லத்தீனில் புத்தகமும் எழுதினார். 1636இல் விசாரித்து, பிரசங்கிக்கத் தடை போட்டு, வடகிழக்கே அபர்தீனுக்கு அனுப்பினார்கள். பேராயர்களின் ஆதரவாளர்கள் நிறைந்த ஊர்.

சிறை இல்லை, சங்கிலி இல்லை. தெருவில் நடக்கலாம், பிரசங்கம் மட்டும் கூடாது. அதுதான் அவரை அறுத்தது. தன் ஓய்வுநாள்கள் ஊமையாகிவிட்டன என்று கடிதங்களில் புலம்புகிறார். ஆன்வத் ஆலயத்தில் கூடு கட்டும் குருவிகள் பாக்கியம் பெற்றவை என்கிறார். 84ஆம் சங்கீதத்தின் அடைக்கலான் குருவியும் தகைவிலான் குருவியும் அப்பாவுக்கு மனப்பாடமாக இருக்குமே, அந்த ஏக்கம் அவருக்கு நன்றாகப் புரியும்.

அபர்தீனில் ரதர்ஃபோர்ட் இடைவிடாமல் கடிதம் எழுதினார். இன்று கிடைக்கும் 365 கடிதங்களில் 200க்கு மேல் அபர்தீன் காலத்தவை. பிரபுக்களுக்கு, ஆன்வத் சபையாருக்கு, கணவரையும் குழந்தைகளையும் பறிகொடுத்த கென்மூர் சீமாட்டிக்கு. 1630இல் மனைவியை இழந்தவர் என்பதால் அவர் சொல்லும் ஆறுதல் வெறும் உபதேசமாக ஒலிப்பதில்லை.

1638இல் ஆன்வத் திரும்பினார். அப்புறம் செயின்ட் ஆண்ட்ரூஸில் பேராசிரியர். ராஜாவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே என்று 1644இல் அவர் எழுதிய 'லெக்ஸ் ரெக்ஸ்' நூலை 1660இல் எரித்தார்கள். தேசத்துரோக வழக்குக்கு அழைப்பு வந்தபோது மரணப் படுக்கையில் இருந்தார். கடிதங்களை 1664இல் அச்சேற்றிய ராபர்ட் மக்வார்டும் ஹாலந்தில் வாழ்ந்த, நாடுகடத்தப்பட்ட போதகர்தான்.

அப்பாவிடம் "எல்லாம் நன்மைக்கே" என்று மட்டும் சொல்லாதீர்கள். ரதர்ஃபோர்டே சட்டென்று தேறவில்லை. ஆண்டவர் தன்னைத் தள்ளிவிட்டாரோ என்று முதலில் கலங்கியவர். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்காருங்கள். பழைய சபையில் படுத்த படுக்கையாக இருப்பவர் யார், துக்கம் நடந்த வீடு எது என்று கேளுங்கள். வாரம் ஒருவருக்குக் கைப்பட எழுதச் சொல்லுங்கள். சபைத் தகராறு அதில் ஒரு வரிகூட வேண்டாம். புதிதாக வந்திருக்கும் போதகருக்குச் சங்கடமாகிவிடும்.