அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள்

கேள்வி: என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கமாக அக்குளில் கைகொடுத்துத் தூக்கித்தான் நாற்காலியில் உட்கார வைக்கிறோம். அவருக்கு வலது தோளில் தாங்க முடியாத வலி. எனக்கோ இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறு வழி உண்டா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: உண்டு, சகோதரி. முதலில் அக்குளில் தூக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். தோள்மூட்டைப் பிடித்து நிறுத்துவது அதைச் சுற்றியுள்ள தசைகள்தான். பக்கவாதத்தில் அவை தளர்ந்துவிடுவதால், நீங்கள் தூக்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் அந்த மூட்டில் தொங்குகிறது. செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பதும் கூடாது. இயன்முறை மருத்துவராக நான் பார்க்கும் தோள்வலிகளில் பல இப்படி வந்தவையே.

கைப்பிடியுள்ள உறுதியான மர நாற்காலியை அவருடைய இடப்பக்கம், அதாவது நல்ல பக்கம், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். எழுந்து உட்கார்ந்ததும் தலைசுற்றல் இருக்கிறதா என்று கேட்டு, சற்றுப் பொறுங்கள். பிறகு கட்டிலின் விளிம்புக்கு நகர்த்தி, இரு பாதங்களும் தரையில் பதியும்படி செய்யுங்கள். அவர் இடுப்பில் அகலமான துணிப் பட்டையை இறுக்கிக் கட்டி, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள். வலது முழங்கால் மடங்கிவிடாதபடி உங்கள் முழங்காலால் அணைகொடுங்கள். அவர் நன்றாக முன்னே குனியட்டும். மூக்கு பாதங்களுக்கு நேராக வந்தால் இடுப்பு தானே எழும்பும். "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லி எழுப்பி, இடக்காலை ஊன்றித் திரும்பி உட்கார வையுங்கள். உங்கள் முதுகு நிமிர்ந்தும் முழங்கால் மடங்கியும் இருக்கட்டும். இடக்காலிலும் பலம் இல்லையென்றால் இதைச் செய்யவே கூடாது. அதற்குத் தூக்கும் கருவி தேவை.

படுக்கையில் மேலே நகர்த்த அவரை இழுக்காதீர்கள், தோல் உரியும். பழைய பருத்திச் சேலையை மடித்துத் தோளிலிருந்து தொடைவரை விரித்து, இருவரும் இருபுறமும் சுருட்டிப் பிடித்து நகர்த்துங்கள்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். முதுகுக்குத் தலையணை கொடுத்து ஒருபுறமாக 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் பாருங்கள். காற்றுப் படுக்கை வாங்கியிருந்தாலும் பக்கம் மாற்றியே ஆகவேண்டும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின்னும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் நிறமாற்றம் எளிதில் தெரியாது; சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். வருபவரிடம் மேலே சொன்னதை உங்கள் கையாலேயே ஒருமுறை செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் இடுப்பையும் அவரிடம் காட்டுங்கள்.