மொட்டை மரமும் மாங்குயிலும்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரி, ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மகளின் பிரசவத்துக்காக டொரொண்டோ வந்திருக்கிறேன், மார்ச்சில்தான் திரும்புவேன். ஹை பார்க் பூங்கா பக்கத்தில்தான் வீடு. அங்கே பனியில் பறவை பார்த்தது பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, போய் அரை மணி நேரம் நின்றேன். எங்கும் மொட்டை மரம், கண்ணைக் கூசும் பனி, ஒரே ஒரு காக்கை. இந்தக் குளிரில் பறவைக்கு என்ன வேலை? 63 வயதுக்கு மேல் இதெல்லாம் எனக்குப் பழகுமா?

— ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

தாயும் பிள்ளையும் நலமாக இருக்கட்டும்.

மொட்டை மரம் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அங்கே பிடித்ததே அதுதான். நம் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, நினைத்துப் பாருங்கள். ஜனவரி பிறந்தால் இலை சிவந்து கொட்ட ஆரம்பிக்கும், மார்ச்சுக்குள் புதுத் தளிர் வந்துவிடும். பனியே பெய்யாத ஊரில் தோட்டத்துத் துரைமார் இதற்கு ‘விண்டரிங்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பால் குறையும், சம்பளமும் குறையும். அம்மாவுக்கு அவை கவலையான மாதங்கள்.

நான் பறவை பார்க்கக் கற்றது அந்த மாதங்களில்தான். ஒருநாள் நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியை அப்படியே நிறுத்தி, முகவாயால் மேலே காட்டினார். வெறும் கிளையில் ஒரு மாங்குயில். மஞ்சள் உடம்பு, கண்ணிலிருந்து பிடரி வரை மை தீட்டியது போல ஒரு கறுப்புப் பட்டை. என் கால்பட்டுச் சருகு சரசரத்ததும் பறந்துவிட்டது. இலை இருந்த நாளெல்லாம் அதன் குரலை மட்டும்தான் கேட்டிருந்தேன்.

ஹை பார்க்கில் பால்மரத்துக்குப் பதில் கருப்பு ஓக். சில மரங்கள் காய்ந்த இலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், காற்றில் அவை ஆடும்போது பறவை என்று ஏமாந்துவிடுவோம். அதனால் கண்ணால் தேடாதீர்கள், முதலில் காதால் தேடுங்கள். ‘சிக்-அ-டீ-டீ-டீ’ என்று ஒரு குரல் வரும். அதுதான் சிக்கடி. கறுப்புத் தொப்பி, கறுப்புத் தொண்டை, வெள்ளைக் கன்னம். எடை 11 கிராம் அளவுதான், நம் மலேசிய ஐம்பது காசு இரண்டைக் கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். ஆபத்து பெரிதாக இருந்தால் அந்த ‘டீ’யின் எண்ணிக்கை கூடும்.

இத்தனை சிறிய உடம்பு அந்த இரவுகளை எப்படித் தாண்டுகிறது என்பதுதான் என்னை அங்கே கட்டிப்போட்டது. பகலில் 42 டிகிரி அளவில் இருக்கும் உடல் சூட்டை இரவில் சுமார் 32 டிகிரிக்குத் தானே இறக்கிக்கொள்கிறது. அடுப்பைச் சிம்மில் வைப்பது மாதிரி, சேர்த்த கொழுப்பு விடியும்வரை தாங்க வேண்டும் அல்லவா? இலையுதிர் காலத்திலேயே விதைகளைப் பட்டையிடுக்கில் ஒவ்வொன்றாக ஒளித்து வைத்துவிடும். பிறகு தேடி எடுத்துத் தின்னும். நான் பார்த்தபோது ஒன்று விதையை இரண்டு காலுக்கும் நடுவில் கிளையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுத்தியல் அடிப்பது போலக் கொத்தி உடைத்தது. அதன் தொப்பி மேல் ஒரு பனித்துகள் கரையாமல் அப்படியே இருந்தது. இறகுப் போர்வை உள்ளே இருக்கும் சூட்டை அவ்வளவு இறுக்கமாகக் காக்கிறது.

சிக்கடியைக் கண்டுபிடித்தால் அங்கேயே நில்லுங்கள். குளிர்காலத்தில் அது தனியாகத் திரியாது. தலைகீழாக மரத்தில் இறங்கும் நத்தாட்ச், குட்டி மரங்கொத்தி எல்லாம் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து வரும். நீங்கள் நின்ற அரை மணி நேரத்தில் கூட்டம் வேறு பக்கம் போயிருக்கும். அப்புறம் கார்டினல். ஆண் பறவை முழுச் சிவப்பு, பனி பெய்தாலும் ஊரை விட்டுப் போகாது. வெள்ளைப் பின்னணியில் அதைப் பார்த்தபோது எனக்கு அந்த மாங்குயில்தான் ஞாபகம் வந்தது.

குளிரில் பறவைக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். மேற்குப் பக்கம் கிரெனடியர் குளம் இருக்கிறது. அது உறைந்துவிட்டால், தெற்கே ஒன்டாரியோ ஏரிக்கரைக்குப் போங்கள். நீண்ட வால் வாத்துகள் மிதந்துகொண்டிருக்கும். அவை முட்டையிடும் இடம் ஆர்க்டிக். அவற்றுக்கு டொரொண்டோ வெதுவெதுப்பான தெற்கு தேசம், டீச்சர்! நம் பட்டணத்தில் சாயங்காலம் கரண்ட் கம்பி நெடுக உட்காரும் தகைவிலான்களுக்கு, நாம் லயாங்-லயாங் என்போமே, அவற்றுக்குச் சுங்கை சிப்புட் எப்படியோ அப்படி. சைபீரியா, சீனா, ஜப்பான் பக்கமிருந்து அவை இங்கே வருவதும் இதே மாதங்களில்தான்.

வயதைப் பற்றி யோசிக்காதீர்கள். 1900 கிறிஸ்துமஸ் அன்று வட அமெரிக்காவில் முதல்முறையாகப் பறவைகளைச் சுடாமல் எண்ணிப் பார்த்தார்கள், 25 இடங்களில். டொரொண்டோ அதில் ஒன்று. இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் அது நடக்கிறது. எண்ணுகிறவர்களில் தாத்தா பாட்டிமார் நிறைய.

காலை ஒன்பது மணிக்குப் போங்கள், வழுக்காத பூட்ஸ் போட்டுக்கொண்டு. பைனாகுலரை உடனே சூடான வீட்டுக்குள் கொண்டுபோய்த் திறந்து வைக்க வேண்டாம், பையோடு கொஞ்ச நேரம் கிடக்கட்டும், இல்லையென்றால் கண்ணாடி வியர்த்துவிடும். எதைப் பார்த்தாலும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

மார்ச்சில் நீங்கள் வரும்போதும் தகைவிலான்கள் இங்கேதான் இருக்கும். சாயங்காலம் ஏழு மணி வாக்கில் கடைவரிசைக்கு வந்துவிடுங்கள், அந்த நோட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.

அன்புடன்