பீர் ஆலையில் குடிதண்ணீரா?
"வெள்ளம் வந்தால் அமெரிக்க பீர் கம்பெனிகள் தண்ணீரை டின்னில் அடைத்து அனுப்புகின்றனவே, விளம்பரமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விளம்பரமும் கொஞ்சம் உண்டுதான். ஆனால் பீரே பெரும்பாலும் தண்ணீர்தானே. வடிகட்டும் வசதி, டின் நிரப்பி மூடும் இயந்திரம் எல்லாம் ஆலையில் தயார். பீரை நிறுத்தி, குழாய்களைச் சுத்தமாகக் கழுவி, தண்ணீரை ஓடவிட வேண்டியதுதான்.

ஒரு சிக்கல் உண்டு. மெல்லிய அலுமினிய டின்னை விறைப்பாக வைத்திருப்பது பீரின் வாயு அழுத்தம். வெறும் தண்ணீர் என்றால் அடுக்கும்போது நசுங்கும். அதனால் மூடுவதற்குச் சற்று முன் ஒரு சொட்டு திரவ நைட்ரஜன் விடுவார்கள். அது ஆவியாகி விரிந்து உள்ளிருந்து தாங்கும்.

ஆன்ஹைசர்-புஷ் என்ற அமெரிக்க பீர் கம்பெனி 1988 முதல் இப்படித் தண்ணீர் டின்களை அனுப்பி வருகிறது. 2017-இல் அமெரிக்காவைத் தாக்கிய ஹார்வி புயலின்போது, அங்கே ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அதன் கார்ட்டர்ஸ்வில் ஆலையிலிருந்து டின்கள் போயின.