முழுங்கட்டும், விடுங்கள்

கேள்வி: ஆங்கிலத்திலேயே மிக நீளமான வார்த்தையாமே, ஏதோ நுரையீரல் நோயின் பெயர் (pneumonoultramicroscopicsilicovolcanoconiosis). பள்ளிப் போட்டிக்காகப் பேரனுக்கு அசை அசையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறேன். பாதியை முழுங்குகிறான். என்ன செய்யலாம்? (ஒரு தாத்தா, பட்டர்வொர்த்)

பதில்: முழுங்குகிறானா? அப்படியென்றால் பையனுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது, நீங்கள்தான் கெடுக்கிறீர்கள். அது முழுங்கிப் பேசுகிற பாஷை ஐயா. நாம் 'வெ-ஜி-டே-பிள்' என்று நாலு காசை எண்ணி வைப்பதுபோல வைப்போம், வெள்ளைக்காரன் 'வெஜ்டபிள்' என்று மூன்றில் முடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். உங்கள் வார்த்தையின் முதல் எழுத்தே 'பி', அதையே யாரும் சொல்வதில்லை, 'நியூ' என்றுதான் ஆரம்பம். சின்ன வயதில் வகுப்பில் எழுந்து 'ப்நிமோனியா' என்று வாசித்துவிட்டு மதியம் வரை பெஞ்சு மேல் நின்றவன் சொல்கிறேன், நம்புங்கள்.

இங்கே மலேசியாவில் பிள்ளைகள் மலாய் மொழியில் 'சுக்கு காத்தா', அதாவது அசை, பிரித்துப் படித்துப் பழகியவர்கள். பெயரிலேயே சுக்கு, தொண்டைக்கு நல்லது. 'மெம்பெர்தங்குங்ஜவாப்கான்' எவ்வளவு நீளம், ஆனாலும் ஏழு துண்டையும் எழுதியபடியே சொல்லிவிடலாம். அதே கத்தியை ஆங்கிலத்தில் வைத்தால் வெட்டாது. அங்கே எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதுதான் விஷயம், அதையும் பெரும்பாலும் வார்த்தையின் வால்தான் தீர்மானிக்கும். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் முதல் அசையில் அழுத்தம், 'ஃபொடாக்ரஃபர்' என்றால் இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவதில். (லிட்டில் இந்தியாவில் கல்யாணப் படம் எடுக்கிறவரை நாம் இந்த மூன்றிலும் சேராமல் 'ஃபோட்டோக்காரர்' என்கிறோம், அது பாட்டுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.)

சரி, உங்கள் வார்த்தைக்கு வருவோம். 45 எழுத்து, 19 அசை. 1935-இல் அமெரிக்காவின் தேசியப் புதிர் சங்கத் தலைவர் எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே கட்டிவிட்ட வார்த்தை. டாக்டர்கள் 'சிலிகோசிஸ்' என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார்கள். நியூமோனோ, அல்ட்ரா, மைக்ராஸ்காபிக், சிலிக்கோ, வால்கேனோ, கோனியோசிஸ் என்று ஆறு பெட்டியாகக் கழற்றி, கடைசிப் பெட்டியில் 'ஓசிஸ்' வரும்போது அந்த 'ஓ'வில் ஓங்கி ஒரு குத்து. டியூபர்குலோசிஸுக்கும் அதே குத்துதான். மற்றதை அவன் முழுங்கட்டும்.

முழுங்கக் கூடாதது எது தெரியுமா, ழகரம். நம் கல்யாண மேடைகளில் மைக் பிடிக்கிறவர்கள் 'தமில் வால்க' என்று முழங்குகிறார்களே, அதற்கு ஒரு போட்டி வையுங்கள், நான் பரிசு தருகிறேன். வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று என்னோடு மூன்று வருஷமாகக் கடிதச் சண்டை போடும் தைப்பிங் வாசகருக்கும் ஒரு சேதி. உங்கள் 'க்' இருக்கட்டும் ஐயா, போன மாதம் எங்கள் அச்சுக்கோப்பாளர் 'ழ்'ஐயே முழுங்கி, 'மணமக்களுக்கு எங்கள் வாத்துகள்' என்று அரைப் பக்கத்துக்குப் போட்டுவிட்டார். பெண்ணின் அப்பா போன் செய்து, எப்போது வந்து சேரும், எத்தனை என்று கேட்டார்.