மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்க்குப் பிசியோதெரபியால் பலன் உண்டா?

தம்பிக்கு இந்த நோய் என்று சொல்லிவிட்டார்கள், குணமாக்க மருந்து இல்லையாம், பிசியோதெரபிக்குப் போய் என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிசியோதெரபிஸ்டாகச் சொல்கிறேன், கட்டாயம் கூட்டிப் போங்கள்.

இணையத்தில் ஏஎல்எஸ் (வேகமாக முற்றும் இன்னொரு மோட்டார் நியூரான் நோய்) பற்றிப் படித்துப் பயந்திருப்பீர்கள். இது வேறு. 1970-ல் மீனாட்சிசுந்தரம் முதலான சென்னை மருத்துவர்கள் விவரித்த நோய். தசையை இயக்கும் நரம்பணுக்கள் இதில் கெட்டுப்போகும். சிறு வயதில் தொடங்கி, பல ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கூடும். கை கால் மெலியும், முகத் தசை தளரும், விழுங்கச் சிரமமாகும், பலருக்குக் காதும் மந்தமாகும். வாழ்நாள் நீண்டு கிடப்பதால்தான் பயிற்சி இவ்வளவு முக்கியம்.

போன நரம்பணு பயிற்சியால் திரும்பாது. ஆனால் மூட்டு இறுகாமலும், மிச்சமிருக்கும் தசை சும்மா கிடந்து வீணாகாமலும் பார்த்துக்கொள்ளலாம். ஜிம்முக்கு அனுப்பி எடை தூக்க வைக்காதீர்கள். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் ஆகியும் கை முன்பைவிடத் தளர்ந்திருந்தாலோ, மறுநாளும் வலி கடுமையாக இருந்தாலோ, அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். உடனே குறைக்க வேண்டும்.

காது விஷயத்தைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு பையனின் பழைய சீட்டில் "ஒத்துழைப்பதில்லை" என்று எழுதியிருந்தது. அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, நானே ஒருமுறை செய்து காட்டினேன். அப்படியே செய்தான். சொன்னது அவன் காதில் விழவே இல்லை, அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு மனசே ஆறவில்லை. அதனால் காது பரிசோதனையையும் காது மிஷினையும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

சட்டைப் பொத்தான் போட முடியாவிட்டால் உள்பக்கம் வெல்க்ரோ தைத்துவிடலாம். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் தயிர்சாதம் தானே சாப்பிடுவார். பாதம் தொங்கி விரல் தட்டினால் கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்கும் ஏஎஃப்ஓ ஸ்ப்ளின்ட் போட வேண்டும். தண்ணீரோ ரசமோ குடிக்கும்போது புரையேறினால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம், ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) உடலுக்குள் சரியாகப் போய்ச் சேராத மரபணுக் கோளாறு ஒன்றும் இதே மாதிரி காதையும் தசையையும் பாதிக்கும். அதற்கு அந்த வைட்டமினை அதிக அளவில் கொடுத்தால் பலன் கிடைக்கிறது. தம்பிக்கு அது இல்லை என்று உறுதிசெய்துவிட்டார்களா என நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. காது, பேச்சு, பிசியோதெரபி மூன்றையும் அங்கே ஒரே வளாகத்தில் பார்க்கலாம்.