வெயிலும் குளிரும் யாருடைய உயிரைப் பறிக்கின்றன?

கேள்வி: கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசும் நாட்களில் எழுபத்தாறு வயதான என் அம்மா பகல் முழுவதும் தகரக் கூரை வீட்டில் தனியே இருக்கிறார். தாகமில்லை என்று தண்ணீரும் குடிப்பதில்லை. வயலில் நிற்பவர்களுக்குத்தான் ஆபத்து, வீட்டுக்குள் இருப்பவருக்கு என்ன வந்துவிடும் என்கிறார் அண்ணா. அது சரியா?
(வாசகி, கொக்கட்டிச்சோலை)

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், வெப்பத்தால் இறந்தவர்களின் கணக்கோ வேறு விதமாக இருக்கிறது. 2021 ஜூன் இறுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வெப்ப அலைக்குப் பலியான 619 பேரில் 98 சதவீதமானோர் கட்டடங்களுக்குள்ளேயே இறந்தனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுபது வயதை எட்டியவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் தனியே வாழ்ந்தவர்கள்.

முதுமையில் வியர்வை குறைவதோடு தாக உணர்வும் மங்கிவிடுவதால், உங்கள் அம்மா தாகமில்லை என்று சொல்வது உண்மையே என்றாலும், அவருடைய உடலுக்குத் தண்ணீர் தேவையில்லை என்று அதற்குப் பொருளில்லை. உடலின் வெப்பத்தை வெளியேற்ற இதயம் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்ப வேண்டியிருக்கிறது. பலவீனமான இதயம் அந்தச் சுமையைத் தாங்காமல் நின்றுவிடும்போது, நாம் அதை மாரடைப்பு என்று மட்டும் சொல்லிவிடுகிறோம். நீரிழிவு, சிறுநீரக நோய், மனச்சிதைவு நோய் உள்ளவர்களும், சிறுநீரை அதிகம் போக்கும் குளிசைகளையோ மனநோய்க்கான சில குளிசைகளையோ எடுப்பவர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள். அதற்காகக் குளிசைகளை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் சேர்த்து வைத்தியரிடம் கேளுங்கள்.

கச்சான் வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் உடல் இழக்கும் நீர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. காற்று அசையாமல் வாவியின் ஈரப்பதம் தேங்கும் நாளிலோ வியர்வை உலர்வதேயில்லை, ஆகவே உடலும் குளிர்வதில்லை. நண்பகலில் அம்மாவை மரநிழலுக்கு அழைத்து வந்து, ஈரத்துணியால் கை கால்களைத் துடைத்துவிடுங்கள். அயல்வீட்டார் ஒருவர் பகலில் இருமுறை எட்டிப் பார்ப்பது, என் கருத்தில், மின்விசிறியை விடப் பெரிய காவல். பேச்சுக் குழறினாலோ, ஆள் தெரியாமல் தடுமாறினாலோ, வாயில் எதையும் ஊற்றாமல் உடலில் தண்ணீர் ஊற்றி விசிறியபடி இலங்கையின் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

அண்ணா சொன்னதிலும் உண்மையுண்டு. கடும் வெயிலில் உடலுழைப்புச் செய்யும் இளைஞரையும் வெப்பம் வீழ்த்தும். குறிப்பாக, வெயிலுக்குப் பழகாதவர் வேலைக்கு இறங்கும் முதல் சில நாட்கள் ஆபத்தானவை.

கேள்வி: குளிரால் சாவது பனி கொட்டும் நாடுகளின் கதையல்லவா? நமது மாரி யாரை என்ன செய்யும்?
(வாசகர், திருக்கோவில்)

பதில்: 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலையொட்டிய குளிரில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பழக்கமில்லாத உடலுக்குப் பனி தேவையில்லை. மழையில் நனைந்து காற்றில் நின்றாலே போதும்.

தாய்லாந்து, பிரேசில் போன்ற வெப்ப நாடுகளையும் சேர்த்து 13 நாடுகளின் 7 கோடி 40 இலட்சம் மரணங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, அவற்றில் 7.3 சதவீதம் குளிரோடும் 0.4 சதவீதம் மட்டுமே வெப்பத்தோடும் தொடர்புடையவை என்றது. அதிலும் பெரும்பங்கு கடுங்குளிரால் அல்ல, மிதமான குளிரால் நேர்ந்தது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்த அழுத்தம் ஏறி, இரத்தம் தடிப்பதால், பிரஷரும் இதய நோயும் உள்ள முதியவர்களே முதலில் பாதிக்கப்படுகிறார்கள். ஈர உடையோடு வாவியில் விடியும்வரை நிற்கும் மீனவர் குளிருக்கென்று குடிக்கும் சாராயம், தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உடலில் மிஞ்சியிருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடும்.

எடை குறைந்து பிறந்த குழந்தையின் உடலோ வெப்ப நாட்டிலும் எளிதில் குளிர்ந்துவிடும். அதைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து, தலைக்குத் தொப்பி போட்டு வைப்பதே நல்லது. பிறந்தவுடன் குளிப்பாட்ட அவசரப்படும் அம்மம்மாக்களிடம் இதை மெதுவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.