டேப் ரூட்டுக்கும் குழாய்க்கும் என்ன உறவு?

கேள்வி: சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேல் மண்டிய நிலத்தைத் திருத்திப் பனை போடப்போகிறேன். ஆங்கிலக் கையேடு ஒன்று ‘டேப் ரூட்’டைக் கவனிக்கச் சொல்கிறது. கைப்பேசியில் மொழிபெயர்த்தால் ‘குழாய் வேர்’ என்று வருகிறது. அப்படி ஒரு வேர் உண்டா? பனைக்கும் இருக்குமா?

பதில்: கையேடு சொல்வது ஆணிவேரை. கைப்பேசியை முழுக்கக் குறை சொல்ல முடியாது. பழைய ஆங்கிலத்தில் ‘டேப்’ என்பது பீப்பாயின் துளையை அடைக்கும் மரத்தக்கை. மேலே பருத்து, நுனி கூம்பியிருக்கும். அதைப் பிடுங்கினால் உள்ளே இருக்கும் மது ஒழுகும். திறந்து மூடும் குழாய்க்குப் பிற்பாடு அதே பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். 17ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்தச் சொல்லை வேரோடு சேர்த்தவர்கள் தக்கையின் கூம்பு வடிவத்தைத்தான் நினைத்தார்கள்; தண்ணீரை அல்ல. நம்மவர்கள் அதே வடிவத்தைப் பார்த்து ஆணி என்றார்கள்.

சீமைக்கருவேலுக்கு ஆணிவேர் உண்டு, வெகு ஆழம் போகும். ஆனால் அதன் நுனிவரை தோண்டிக் காசைக் கரைக்க வேண்டாம். வெட்டிய மரம் மறுபடி துளிர்ப்பது தரையை ஒட்டிய வேர்க்கழுத்தில் உறங்கும் மொட்டுகளிலிருந்து. ஒரு முழம் கீழே தோண்டிக் கழுத்தோடு பெயர்த்துவிட்டால், அடியில் கிடக்கும் வேர் மக்கிப்போகும். தரைமட்டத்தில் அறுத்தால்தான் தொல்லை. ஒன்று நாலாகக் கிளம்பும்.

பனைக்கு முதிர்ந்த மரத்தில் ஆணிவேரே கிடையாது. தென்னை, நெல் மாதிரி சல்லிவேர்தான். பனங்கொட்டையிலிருந்து நேரே கீழே இறங்குகிறதே, அதை ஆணிவேர் என்று பலரும் நினைக்கிறார்கள். அது விதையிலையின் நீட்சி. முளைக்கருவைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் போகிறது. பொங்கலுக்கு அவித்துத் தின்னும் கிழங்கும் வேர் அல்ல, மாவு சேர்ந்து தடித்த இலையுறை. நெடுக இரண்டாகப் பிளந்து பாருங்கள்: நடுவில் ஒரு மஞ்சள் குருத்து நிற்கும். அதுதான் அடுத்து ஓலையாக வெளியே வரவேண்டியது.

முளை இப்படி ஆழத்தில் இருப்பதால் பாத்தியில் முளைக்கவைத்துப் பிடுங்கி நடுவது பெரும்பாலும் வீண். முளை முறிந்தால் கன்று போச்சு. மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே, பத்தடிக்கு ஒன்றாக, ஐப்பசி மழைக்கு முன்பு கொட்டையைப் புதைத்துவிடுங்கள்.